'சூப்பர்ஸ்டார்' சிங்கிள் ஒன்று கைக்கு வந்தால்: ஊசி வைப்பதற்கு முன்னும் பின்னும்

பழைய வீட்டு அலுமாரியிலிருந்தோ, ஒரு காலத்தில் ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டவரின் சாமான் அறையிலிருந்தோ 7 அங்குல இசைத்தட்டு ஒன்று கைக்கு வந்துவிட்டால், அதை உடனே பிளேயரில் போட்டுக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் எவருக்கும் மனம் அவசரப்படும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அந்த அவசரத்தைச் சில நாள்களுக்கு அடக்கி வைக்க வேண்டும். 1978 நவம்பர் 23 அன்று அடித்த சூறாவளி, 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, 2011 சனவரி வெள்ளம் என்று இந்தக் கரை கண்ட அழிவுகளுக்குத் தப்பிய தட்டுகளில் பல ஒரு தடவையாவது நனைந்தவை. நனையாதவை கூரைத் தகட்டின் கீழே கச்சான் என்னும் வெப்பக் காற்று வீசும் காலத்து வெக்கையில் கிடந்தவை. இசை பதிந்த தடங்களுக்குள் உப்பும் நுண்மணலும் இருக்கும்போது ஊசி ஒருமுறை ஓடினாலே போதும். அதன் பிறகு எவ்வளவு கழுவினாலும் அந்தக் கரகரப்பு நீங்காது. ஆகவே முதலில் கண்ணால் படிப்பது, அடுத்துக் கழுவுவது, பின்னர் பிளேயரைச் சோதிப்பது, கடைசியாகக் கேட்பது என்ற ஒழுங்கிலேயே இந்த வழிகாட்டி செல்கிறது. பொதுவாகப் பேசிக்கொண்டிராமல், மரே ஹெட் பாடிய 'சூப்பர்ஸ்டார்' என்னும் ஒரே சிங்கிளை, அதாவது பக்கத்துக்கு ஒன்று மட்டுமே பதிந்த சிறு தட்டை, முன்னே வைத்து எல்லாவற்றையும் பார்ப்போம்.

தட்டின் பின்னணி

அண்ட்ரூ லொயிட் வெபர் இசையமைத்து டிம் ரைஸ் பாடல்களை எழுதிய 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்னும் ரொக் ஒப்பரா 1970 இல் இரட்டை இசைத்தட்டாக வெளிவந்தது. 1971 அக்டோபரில் அது நியூயோர்க்கின் பிராட்வேயில் மேடையேறியது. 1973 இல் நோர்மன் ஜூவிசனின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வந்தது. ரொக் ஒப்பரா என்பது, பேச்சு வசனத்தை நம்பாமல் ஒரு முழுக் கதையையும் ரொக் இசைக்குழுவின் பாடல்களாலேயே நடத்திச் செல்லும் வடிவமாகும்; வட்டக்களரியைச் சுற்றியிருந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

சேகரிப்பவர் மறக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. சிங்கிள்தான் முதலில் வந்தது. முழுப் படைப்பு அதன் பிறகே வந்தது. இந்தக் கதையை மேடையேற்றப் பணம் போட எவரும் முன்வராத நிலையில், ஒரே ஒரு பாடலை மட்டும் ஒலிப்பதிவு செய்து 1969 நவம்பரில் இங்கிலாந்தில் சிங்கிளாக வெளியிட்டுப் பார்த்தார்கள். அப்போது வெபருக்கு 21 வயது. யூதாஸ் இயேசுவை நோக்கிக் கேட்கும் கேள்விகளாக அமைந்த அப்பாடலை மரே ஹெட் பாட, டிரினிடாட் சிங்கர்ஸ் என்ற குழுவினர் பின்பாட்டுப் பாடினார்கள். அமெரிக்காவில் இந்தச் சிங்கிள் 1970 இல் பில்போர்ட் என்னும் பாடல் தரவரிசைப் பட்டியலின் கீழ்ப்பகுதியை மட்டும் தொட்டுவிட்டு இறங்கியது. இரட்டைத்தட்டுப் புகழ்பெற்ற பின்னர், 1971 இல் மறுபடியும் ஏறி 14 ஆவது இடம் வரை சென்றது. ஒரே பாடல் இவ்வாறு இரண்டு தடவை விற்பனைக்கு ஓடியதால், ஒரே எண்ணைக் கொண்ட தட்டுகளுக்குள்ளும் லேபலில் சிறு சிறு வேறுபாடுகள் இருக்கின்றன.

மறுபக்கத்தில் பாட்டே இல்லை, வாத்திய இசை மட்டுமே உண்டு. அதன் தலைப்பு 'ஜோன் நைன்டீன் ஃபோர்ட்டி வன்'. யோவான் நற்செய்தியின் 19 ஆம் அதிகாரம் 41 ஆம் வசனத்தை, அதாவது சிலுவையில் அறையப்பட்ட இடத்தில் ஒரு தோட்டமும் அத்தோட்டத்தில் புதிய கல்லறை ஒன்றும் இருந்ததைச் சொல்லும் வசனத்தை, அது சுட்டுகிறது. இந்த அமைதியான மறுபக்கத்தின் அருமை, தட்டைச் சோதித்துக் கேட்கும் கட்டத்தில் தெரியவரும்.

எங்கள் பக்கத்தில் இத்தகைய தட்டுக் கிடைப்பது எப்படி என்று கேட்கலாம். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் கடுமையாக இருந்தமையால், இதுபோன்ற வெளிநாட்டுத் தட்டுகள் கடைவழியாக வந்ததைவிட ஆள்வழியாக வந்ததற்கே வாய்ப்பு அதிகம். கப்பலில் வேலை செய்தவர்கள், இங்கிலாந்தில் படித்துத் திரும்பியவர்கள், உறவினர் வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த பறங்கிக் குடும்பங்கள், மறைப்பணிக்கு வந்த துறவிகள் என்று பல கைகளை நினைத்துப் பார்க்கலாம். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகள் நெடுங்காலம் பணியாற்றியிருக்கிறார்கள் என்பதை மனதில் கொண்டால், இங்கிலாந்துப் பதிப்பைப் போலவே அமெரிக்கப் பதிப்பும் இங்கே தலைகாட்டுவதில் வியப்பில்லை. கையிலிருப்பது இந்த இரண்டில் எது என்பதை அறிவதே முதல் வேலை.

கண்ணால் படித்தல்

தட்டை விளிம்பிலும் நடு லேபலிலும் மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். விரல் பட்ட இடத்தில் தங்கும் எண்ணெய்ப் பிசுக்குத்தான் பூஞ்சணத்துக்கு முதல் உணவு.

நடுத்துளையைப் பாருங்கள். துளை ஏறத்தாழ 38 மில்லிமீற்றர் அகலமாக, ஒரு பெரிய நாணயம் நுழையக்கூடியதாக இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்கப் பதிப்பு. சாதாரண எல்.பி. என்னும் பெரிய நெடுநேரத் தட்டைப் போல 7 மில்லிமீற்றர் அளவான சிறு துளை இருந்தால் அது பெரும்பாலும் இங்கிலாந்துப் பதிப்பு. இங்கிலாந்துத் தட்டுகள் சிலவற்றில் அச்சிறு துளையைச் சுற்றி, மூன்று அல்லது நான்கு மெல்லிய கைகளால் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு நடுத்துண்டு காணப்படும். காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டிகளில் பொருத்துவதற்காக உடைத்து எடுக்கக்கூடியவாறு செய்யப்பட்ட துண்டு அது. அதை உடைக்கவே கூடாது. உடைத்துவிட்டால் தட்டின் பாதி மதிப்புப் போய்விடும் என்று சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள்.

அடுத்தது லேபலின் நிறுவனப் பெயர். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பலர் தடுமாறும் இடமும் இதுதான். டெக்கா என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு நிறுவனமும் இங்கிலாந்தில் வேறொரு நிறுவனமும் இருந்தன. 1934 இல் இங்கிலாந்து டெக்காவின் கிளையாகத் தொடங்கிய அமெரிக்க டெக்கா பின்னர் தனியாகப் பிரிந்து, 1962 இல் எம்.சி.ஏ. நிறுவனத்தின் கைக்குள் வந்தது. இதனால் இதே பாடல் அமெரிக்காவில் டெக்கா லேபலிலும், இங்கிலாந்தில் எம்.சி.ஏ. லேபலிலும் வெளிவந்தது. அமெரிக்க டெக்கா என்ற பெயர் 1973 இல் கைவிடப்பட்டு எல்லாம் எம்.சி.ஏ. என்றாகிவிட்டமையால், பெரிய துளையுள்ள அமெரிக்கத் தட்டில் கறுப்பு நிறத்தின் மேல் வானவில் பட்டையோடு டெக்கா என்று இருந்தால் அது 1973 இற்கு முந்தியது. அதே அமெரிக்கத் தட்டில் எம்.சி.ஏ. என்று இருந்தால் அது பின்னர் அடித்த மறுபதிப்பு. இங்கிலாந்துத் தட்டில் எம்.சி.ஏ. என்று இருப்பதை வைத்து அதையும் மறுபதிப்பு என்று ஒதுக்கிவிடக் கூடாது. லேபலில் பெரிய 'ஏ' எழுத்தோ, விற்பனைக்கு அல்ல என்ற பொருள்படும் வரியோ அச்சிடப்பட்டிருந்தால் அது வானொலி நிலையங்களுக்கு அனுப்பிய மாதிரிப் பிரதியாகும். சாதாரணப் பிரதியைவிட அது அரிது.

லேபலுக்கும் கடைசித் தடத்துக்கும் இடையே பாட்டில்லாத வழுவழுப்பான வளையம் ஒன்று உண்டு. தட்டைச் சாய்த்துப் பிடித்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்தால், அந்த வளையத்தில் எண்களும் எழுத்துகளும் தெரியும். இயந்திரம் குத்திய எழுத்துகள் ஒரே ஆழத்தில் சீராக நிற்கும்; கையால் கீறியவை கணக்கப்பிள்ளையின் கையெழுத்தைப் போலச் சரிந்தும் வளைந்தும் ஓடும். சில தட்டுகளில் முதலில் எழுதிய எண்ணின் மேல் கோடிழுத்து வேறெண் எழுதியிருப்பதையும் காணலாம். வெளிச்சத்தை மெல்ல நகர்த்தி, தெரிவதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இடைவெளி, கோடு, புள்ளி எதையும் விடக் கூடாது. எந்த அச்சுத்தகட்டில் இருந்து இந்தத் தட்டு அடிக்கப்பட்டது என்பதற்கு இதுவே சான்று. டிஸ்கொக்ஸ் போன்ற இணையப் பட்டியல்களில் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, லேபலின் நிறத்தைவிட இந்த எழுத்துகளையே நம்பலாம்.

அதே டோர்ச் வெளிச்சத்தில் மேற்பரப்பையும் பார்த்துவிடுங்கள். நகத்துக்குத் தட்டுப்படாத மெல்லிய மயிர்க்கோடுகள் பெரும்பாலும் காதுக்குக் கேட்பதில்லை. நகத்துக்குத் தட்டுப்படும் கீறல் சுற்றுக்கொரு முறை 'டக்' என்று கேட்கும். தடங்களின் கறுப்பு மினுமினுப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால், அது தேய்ந்த ஊசியின் வேலை. அது கழுவினால் போகும் அழுக்கு அல்ல. வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சணமாக இருக்கலாம், உப்பாகவும் இருக்கலாம். இரண்டும் கழுவினால் போகும்.

தட்டு எதனால் ஆனது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழலும் இத்தகைய தட்டுகள் பலவற்றை, வழக்கமான வினைல் பிளாஸ்டிக்குக்குப் பதிலாகப் பொலிஸ்டைரின் என்ற விறைப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். விளிம்பை நகத்தால் மெல்லத் தட்டினால் வினைல் மந்தமாகவும், பொலிஸ்டைரின் கணீரென்றும் ஒலிக்கும். வினைல் தட்டில் லேபல் தட்டோடு சேர்ந்து அழுத்தப்பட்டிருக்கும். பொலிஸ்டைரின் தட்டில் அது பசையால் ஒட்டிய காகிதமாக, சில வேளை ஓரம் கிளம்பியும் இருக்கும். வளைத்துப் பார்த்துச் சோதிக்க முனைய வேண்டாம். பொலிஸ்டைரின் வளையாது, உடைந்துவிடும்.

கழுவுதல்

இந்த மாவட்டங்களின் கரையோரக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு தட்டைக் கழுவிக் காயவைத்தால், பழைய உப்புப் போய்ப் புதிய உப்புப் படியும். கல்லடியிலோ கல்முனையிலோ கேத்தலின் அடியில் படியும் வெண்படலமே இதற்குச் சாட்சி. குழாய்த் தண்ணீரும் முற்றாகப் பாதுகாப்பானதல்ல. காய்ச்சி வடித்த நீர்தான் தேவை. மருந்தகத்தில் கிடைக்காவிட்டால், வாகன உதிரிப்பாகக் கடைகளிலும் பெற்றோல் நிரப்பு நிலையங்களிலும் பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று போத்தலில் விற்கும் தண்ணீரை வாங்கலாம். வாங்கும்போது பற்றரித் தண்ணீர் என்று தெளிவாகக் கேட்டு, போத்தலின் மேல் எழுதியிருப்பதையும் வாசித்துவிடுங்கள்; அதே கடைகளில் பற்றரி அசிற்றும் விற்கிறார்கள்.

அகலமான இரண்டு தட்டங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் வடித்த நீர் ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஓரிரு துளி மட்டும் விட வேண்டும். நுரை எழும்பினால் அளவு கூடிவிட்டது என்று பொருள். இரண்டாவதில் வடித்த நீர் மட்டும் இருக்கட்டும். மதுசாரம், ஷாம்பு, கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பொலிஸ்டைரின் தட்டுக்கு மதுசாரம் ஆகாது. 78 சுற்றுப் பழைய அரக்குத் தட்டையோ மதுசாரம் கரைத்தே விடும். வீட்டில் இரண்டு வகைத் தட்டுகளும் கலந்து கிடக்கும்போது, எதற்கும் மதுசாரம் தொடாமல் இருப்பதே எளிய விதி.

சுனாமித் தண்ணீர் கண்ட தட்டை எடுத்த எடுப்பிலேயே துடைக்கக் கூடாது. லேபல் நனையாதவாறு தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, தடமுள்ள பகுதியின் கீழ்ப்பாதியை மட்டும் முதல் தட்டத்தில் அமிழ்த்தி, தேர்ச் சில்லை உருட்டுவது போல மெல்லச் சுற்றிக்கொண்டேயிருங்கள். சிறிது நேரத்தில் தண்ணீரில் புகை பிரிவது போலச் சேறு மெல்லிய இழைகளாகக் கழன்று கீழே இறங்குவதைக் காணலாம். தட்டத்தின் அடியை விரலால் தொட்டால், மாவு போன்ற அந்தச் சேற்றுக்குள் ஒன்றிரண்டு மணிகள் நறநறக்கும். அந்த மணிகள் தானாகக் கழன்று விழும்வரை தூரிகையைத் தொடாதீர்கள். தண்ணீர் கலங்கினால் ஊற்றிவிட்டுப் புதிதாக எடுங்கள். தண்ணீரில் சிக்கனம் பார்ப்பதுதான் இந்த வேலையில் அதிகச் செலவு வைக்கும். அதன் பிறகு, மென்மையான மயிருள்ள புதிய பெயின்ற் தூரிகையால் தடம் ஓடும் திசையிலேயே, வட்டமாக, பாரம் கொடுக்காமல் தேய்க்க வேண்டும். தடத்தைக் குறுக்கே வெட்டித் தேய்க்கவே கூடாது.

இரண்டாவது தட்டத்தில் அலசி, பஞ்சு உதிராத துணியால் ஒற்றி எடுத்து, நிழலில், கோப்பைகள் அடுக்கும் தட்டியில் நிமிர்த்தி வைத்து ஓர் இரவு காயவிடுங்கள். வெயிலில் காயவைப்பதும், தலைமயிர் உலர்த்தும் இயந்திரத்தைப் பிடிப்பதும் தட்டை நெளியச் செய்யும். பூஞ்சணம் பிடித்த லேபலைக் கழுவ முயல வேண்டாம். நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டிவிட்டால் போதும். பழைய காகித உறை நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட மூல உறையாக இருந்தால் எறியாதீர்கள். உலர்த்தித் தனியே வைத்துவிட்டு, தட்டைப் புதிய உறையில் இடுங்கள்.

நெளிந்த தட்டுப் பற்றி ஒரு சொல். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து வெயிலில் காட்டினால் நேராகும் என்று சொல்வார்கள். வினைல் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். நெளிவு எடுபடும் அளவுக்குச் சூடேறினால், இசை பதிந்த தடமும் சேர்ந்து மழுங்கும். ஓரம் சற்று ஏறியிறங்கும் தட்டை அப்படியே ஓடவிடலாம். அதற்கு மேல் நெளிந்ததை எனது கருத்தில் காட்சிக்கு வைப்பதே மரியாதை.

பிளேயரைச் சோதித்தல்

தட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படுபவர்கள் பிளேயரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. உண்மையில், கழுவி முடித்த தட்டுக்கு மிகப் பெரிய ஆபத்து வீட்டிலிருக்கும் பழைய ரேடியோகிராம், அதாவது வானொலியும் பிளேயரும் ஒன்றான பெட்டிதான்.

முதலில் வேகம். இலங்கையின் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அமெரிக்காவினது 120 வோல்ற் அளவில் 60 ஹேர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த பழைய பிளேயருக்கு வோல்ற்றைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். டிரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் பின்பற்றிச் சுழலும் மோட்டர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். நிமிடத்துக்கு 45 சுற்றுச் சுழல வேண்டிய தட்டு 37.5 சுற்றுத்தான் சுழலும். மரே ஹெட்டின் உச்சக்குரல் ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கி, தூக்கத்தில் பாடுபவர் குரலாகிவிடும். சோதிப்பது எளிது. பயனற்ற ஒரு தட்டின் ஓரத்தில் சிறு காகிதத் துண்டை ஒட்டி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். 45 வந்தால் நல்லது. 37, 38 என்று வந்தால் மோட்டர் அச்சிலுள்ள சிறு உருளையை 50 ஹேர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும். அடப்டர் வழியாக நேர்மின்னோட்டத்தில் இயங்கும் இக்காலப் பிளேயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது ஊசி. பழைய பிளேயர்களில் ஒரு சிறு நெம்பைத் திருப்பினால் 78 சுற்றுக்கு ஒரு முனையும் மற்றவற்றுக்கு இன்னொரு முனையும் வரும். 78 சுற்று ஊசியின் முனை இந்தச் சிங்கிளுக்கு உரிய ஊசி முனையைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பருமனானது. அது தடத்தின் அடிக்கு இறங்காமல் மேல் விளிம்பை உழுதுகொண்டு போகும். நெம்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்காமல் கையை இறக்காதீர்கள். ஊசி எவ்வளவு காலம் ஓடியது என்று தெரியாவிட்டால், அது தேய்ந்ததென்றே கொண்டு புதிதாக மாற்றுவது நல்லது. ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜ் பழைய படிக வகையாக இருந்தால், ஈரம் அதைத் தின்றிருக்கும்; அதிலுள்ள ரொஷெல் உப்புப் படிகம் ஈரத்தை இழுத்து நாளடைவில் செயலிழப்பது. வாவிக்கும் கடலுக்கும் நடுவே இத்தனை மாரிகளைக் கண்ட ரேடியோகிராம் முனகினால், தட்டைக் குற்றம் சொல்ல முன் காட்ரிட்ஜைப் பாருங்கள்.

மூன்றாவது, ஊசி தட்டின் மேல் அழுத்தும் பாரம். இக்காலக் காந்தக் காட்ரிட்ஜ்கள் 1.5 முதல் 3 கிராம் வரையான பாரத்தோடு ஓடுபவை. மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் இது 5 கிராம் அளவுக்கு இருக்கும். பழைய ரேடியோகிராம்களில் அதற்கும் மேல். பொன் நிறுக்கும் சிறு இலக்கத் தராசை வாங்கியோ, நகை வேலை செய்பவர் ஒருவரிடம் கேட்டோ, பிளேயரின் சுழல் தட்டில் தராசை வைத்து, தட்டு இருக்கும் உயரத்திலேயே ஊசியை இறக்கி அளந்து பார்க்கலாம். தராசின் தட்டம் இரும்பானால் காட்ரிட்ஜின் காந்தம் அதை இழுத்துப் பொய்க் கணக்குக் காட்டும். நடுவில் தடித்த பிளாஸ்டிக் துண்டொன்றை வைக்க வேண்டும். ஊசி துள்ளுகிறது என்று தலைப்பகுதியின் மேல் காசை ஒட்டி வைக்கும் பழக்கம் எங்கள் ஊர் ஒலிபெருக்கிக்காரர்களிடம் இருந்தது. திருவிழாவில் பாட்டு நிற்காமல் ஓட அது அவர்களுக்குத் தேவைப்பட்டது. இந்தத் தட்டுக்குத் தேவையில்லை.

பெரிய துளையுள்ள அமெரிக்கப் பிரதிக்கு நடுவில் பொருத்த ஒரு வட்டு வேண்டும். பிளாஸ்டிக் வட்டு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்து எடுக்கலாம். வெளிவிட்டம் 38 மில்லிமீற்றர், நடுவில் 7.3 மில்லிமீற்றர் துளை. துளை மிகச் சரியாக மையத்தில் இருக்க வேண்டும். சற்று விலகினாலும் நீண்ட சுரங்கள் ஊஞ்சலாடும்.

முதல் தடவை கேட்டல்

இப்போது ஊசி வைக்கலாம். ஆனால் முதலில் வைக்க வேண்டியது மறுபக்கத்தில். 'சூப்பர்ஸ்டார்' பக்கத்தில் பித்தளை வாத்தியங்களும் ரொக் தாளமும் கூட்டுப்பாட்டும் நிறைந்து, அழுக்கையும் தேய்மானத்தையும் மூடிவிடும். குரலற்ற மறுபக்கத்திலோ நரம்பு வாத்தியங்கள் அடங்கி ஒலிக்கும் இடங்களில் ஒவ்வொரு 'டிக்'கும் தனியாகக் கேட்கும். அதோடு, வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தை அதிகம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால், அங்கே கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அழுக்கின் இரைச்சலே, தேய்மானத்தினது அல்ல. மறுபக்கம் கரகரத்தால் தட்டை மீண்டும் கழுவுங்கள். மறுபக்கம் தெளிவாக இருந்து பாட்டுப் பக்கம் மட்டும் கரகரத்தால், இனிக் கழுவுவதில் பயனில்லை. அது ஊசி தின்ற பக்கம்.

பாட்டுப் பக்கத்தைக் கேட்கும்போது கடைசி ஒரு நிமிடத்தில் காதை வையுங்கள். சிங்கிள் தட்டில் உள்ளே போகப் போகச் சுற்று சிறுத்து, அதே கால அளவுக்குக் குறைந்த நீளத் தடமே கிடைப்பதால், தேய்ந்த தட்டில் 'ஸ', 'ச' போன்ற ஒலிகள் அங்கேதான் முதலில் சிதறும். நான்கு நிமிடத்தைச் சற்றுத் தாண்டும் இந்தப் பாடல் தட்டின் உட்பக்கம் வரை ஓடுவதாலும், இறுதியில் கூட்டுப்பாட்டு உச்சத்தில் இருப்பதாலும், நல்ல பிரதியையும் அடிபட்ட பிரதியையும் அந்த இடமே பிரித்துக் காட்டிவிடும். பொலிஸ்டைரின் தட்டானால், ஓடிக்கொண்டிருக்கும்போது கையால் பின்னோக்கிச் சுழற்றாதீர்கள், தடம் உரிந்துவிடும்.

முதல் நல்ல ஓட்டத்திலேயே கணினியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பிளேயரின் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் போனோ முன்பெருக்கி ஒன்றின் வழியாக இணைத்து, ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில், சுருக்கப்படாத கோப்பாகச் சேமித்தால் போதும். அதன் பின் அன்றாடம் கேட்பதற்கு அந்தக் கோப்பு இருக்கிறது, தட்டு ஓய்வெடுக்கலாம்.

வைக்கும் இடம்

தட்டைப் படுக்கையாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. எங்கள் வீடுகளுக்கு அதைவிட முக்கியம் உயரம். பரணில் வைத்தால் கச்சான் காலத்தில் வெந்துபோகும். நிலத்தோடு வைத்தால் மார்கழி, தை மழையில் வெள்ளம் முதலில் தொடும். உட்சுவரோடு சேர்ந்த அலுமாரியில், இடுப்பு முதல் நெஞ்சு வரையான உயரத்திலுள்ள அடுக்கே நல்ல இடம். வெளிச்சுவரில் சாய்ந்த அலுமாரி மாரியில் வியர்க்கும்.

உடுப்புகளோடு வைப்பவர்கள் பூச்சி உருண்டையை எடுத்துவிட வேண்டும். நப்தலீன் ஆவி பொலிஸ்டைரினை இளக்கிக் கெடுக்கும். ஈரத்துக்குச் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போதும். அவற்றையும் மாரி தொடங்க முன் புதுப்பிக்க வேண்டும். உறை பொலித்தீனாக இருக்கட்டும். பி.வி.சி. என்னும் மினுங்கும் தடித்த பிளாஸ்டிக் உறைகள் இந்த வெக்கையில் தட்டோடு ஒட்டி, துடைத்தாலும் போகாத மங்கலை விட்டுவிடும். காகித உறையைக் கறையானும் வெள்ளிப்பூச்சியும் தேடி வரும். மாதம் ஒரு தடவை வெளியே எடுத்துத் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்தில்லை.

விலையும் அனுப்புதலும்

இலட்சக்கணக்கில் விலைபோகும் என்ற எண்ணத்தோடு எவரும் இதை எடுத்திருந்தால் ஏமாற்றம்தான். பட்டியலில் ஏறி நன்றாக விற்ற பாடல் என்பதால் உலகெங்கும் பிரதிகள் நிறையவே கிடக்கின்றன. மாதிரிப் பிரதி, மூல உறையோடு கூடிய தேயாத பிரதி ஆகியவற்றுக்கே தனி விலை. அதே தொகுப்பிலிருந்து ஈவோன் எலிமன் பாடி 1971 இல் சிங்கிளாக வந்த 'ஐ டோன்ட் நோ ஹவ் டு லவ் ஹிம்', வெபரும் ரைசும் படைத்த 'எவிட்டா'விலிருந்து ஜூலி கவிங்டன் பாடி 1977 இல் இங்கிலாந்துப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'டோன்ட் க்ரை ஃபோர் மீ ஆர்ஜென்டீனா' ஆகியவற்றுக்கும் மேலே சொன்ன முறைகளே பொருந்தும். விலையிலும் நிலைமை பெரிதாக வேறில்லை.

விற்பதாயின் தரத்தை உயர்த்தி எழுதாதீர்கள். உலகச் சேகரிப்பாளர் வழக்கில் 'குட்' என்று எழுதினால் தட்டு நன்றாக அடிபட்டது என்றே வாங்குபவர் எடுத்துக்கொள்வார். இங்கே கிடைக்கும் நல்ல தட்டுகள்கூடப் பெரும்பாலும் 'வெரி குட்' என்ற படியைத் தாண்டுவதில்லை. தண்ணீர் கண்ட தட்டு என்றால் அதையும் எழுதி, லேபலையும் வழுவழுப்பு வளையத்தையும் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள். அஞ்சலில் அனுப்பும்போது தட்டை உறைக்குள் விட்டு அனுப்பினால், அசைவில் தட்டின் விளிம்பு உறையைக் கிழிக்கும். தட்டை வெறும் பொலித்தீன் உறையிலும் மூல உறையைத் தனியாகவும் வைத்து, இரண்டையும் நெளியட்டைத் துண்டுகளுக்கிடையே அடக்க வேண்டும். ஓர் அட்டையின் நெளிகோடு நெடுக்காகவும் மற்றதன் கோடு குறுக்காகவும் இருக்குமாறு வைத்தால், பொதி எந்தப் பக்கம் வளைந்தாலும் ஏதாவது ஓர் அட்டை தாங்கும். பொதியின் மேல் வெயிலில் வைக்கக் கூடாது என்று எழுதுவதில் பெரிய பயன் இல்லை. கச்சான் காலம் முடியும் மட்டும் அனுப்பாமல் வைத்திருப்பதில் உண்டு.